சுபோதாவின் வலது முழங்கை

டோயாமா, செப்டம்பர் 6

தெத்சு,

உன் மாணவன் சுபோதாவை எங்கள் கிளப்புக்கு வேண்டாம் என்று நான் சொல்வது அவனுடைய முழங்கைக்காகவா, அவனை உருவாக்கியவன் நீ என்பதற்காகவா? நேற்றிலிருந்து என்னையே கேட்டுப் பார்க்கிறேன். பதில் தெரியவில்லை. தெரியாமலேதான் எழுதுகிறேன்.

வெயில் தணிந்ததா, உடம்பு நலமா என்று தொடங்குவதுதான் மரியாதை. நமக்குள் அது வேண்டாம். போனில் பேசியிருக்கலாம். ஆனால் ஒரு பேஸ்பால் கிளப்புக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கிறவளும் ஒரு பள்ளி அணியின் கோச்சும் அக்டோபரில் கிளப்புகள் பள்ளி வீரர்களைப் பெயர் சொல்லி எடுப்பதற்கு முன்னால் பேசிக்கொண்டார்கள் என்று தெரிந்தால் அக்கா, தம்பி என்பதெல்லாம் எடுபடாது. பேரம் பேசினார்கள் என்றுதான் எழுதுவார்கள். கடிதம் என்றால் யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். காட்டக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

கோஷியெனில், பள்ளிகளின் தேசியப் போட்டியில், சுபோதா ஆடிய எல்லா ஆட்டங்களுக்கும் வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கால் இறுதியிலிருந்தே, பந்தை எறியும்போது அவனுடைய முழங்கை தோளுக்குக் கீழே இறங்கத் தொடங்கிவிட்டது. இறுதி ஆட்டத்தில் அவன் எறிந்த பந்துகளை வர்ணனையாளர் ‘ஆன்மாவின் பந்து’ என்றார். எனக்கு அவை களைத்துப்போன ஒரு கையின் பந்துகளாகத்தான் தெரிந்தன. நாடு முழுக்க அழுதது. நீயும் அழுதாய், தொலைக்காட்சியில் காட்டினார்கள்.

நேற்றுத் தேர்வுக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். முதல் பெயராக சுபோதா வேண்டாம். எடுத்தே தீரவேண்டும் என்றால் ஒரு வருஷம் அவன் ஆட்டத்தில் பந்து எறியக்கூடாது. ஊர் ஊராகப் போய் வீரர்களைப் பார்த்து வரும் எங்கள் ஸ்கவுட்டுகளில் மூத்தவர் ஒபாதா சிரித்தார்.

“தம்பி வளத்த புள்ளையையே வேணாங்கறீங்களே, வீட்டுல ஏதாவது சண்டையா?”

“சண்டை இருக்கு. ஆனா முழங்கைக்கு அது தெரியாது.”

அவனை ஒரு மருத்துவரிடம் கூட்டிப் போ. படம் எடுத்துப் பார்க்கட்டும். நான் சொன்னது தவறு என்று வந்தால் எழுது. ஒபாதாவின் எதிரிலேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

சுமியே


ஹிமி, செப்டம்பர் 12

அக்கா,

மருத்துவர் எதற்கு? கடிதம் வந்த அன்றே பையனைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன்.

“சுபோதா, கை வலிக்குதாடா?”

“இல்லைங்க கோச்.”

“எறிய முடியுமா?”

“முடியுங்க கோச்.”

இதற்கு மேல் என்ன படம் வேண்டும்?

தலைநகரத்துப் பள்ளிகளில் பந்து எறியும் பிட்சர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒருவன் தும்மினால் அடுத்தவன் வருவான். இங்கே எனக்குக் கிடைப்பது வலை இழுக்கிறவர்களின் பிள்ளைகள், மீன் பதப்படுத்துகிறவர்களின் பிள்ளைகள், ஒரு தபால்காரர் பிள்ளை. குளிர்காலம் பூராவும் மைதானம் பனிக்கு அடியில். உடற்பயிற்சிக் கூடத்தில், வெளிச்சமே இல்லாத இடத்தில் அவனை எறியவைத்து எறியவைத்து இந்த நிலைக்குக் கொண்டுவந்தேன். இறுதி ஆட்டத்தில் அவனை இறக்கிவிட்டு யாரை ஏற்றுவது? தபால்காரர் பிள்ளையையா? அவன் எறிந்தால் பந்துக்கே கொட்டாவி வரும்.

எறிந்துதான் கை உருவாகும். வலித்தால், வலி போகும்வரை எறியவேண்டும். என் கோச் எனக்குச் சொன்னார், நான் இவனுக்குச் சொல்கிறேன். என் கையை மனதில் வைத்துக்கொண்டு நீ பயப்படுகிறாய் என்று தெரியும். ஆமாம், என் கை நிமிராது. அதனால் நான் எதில் குறைந்துபோனேன்? அந்தக் கையில் மட்டையைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் இந்தப் பையன்கள் களைத்து விழும்வரை பந்தை அடித்துக்கொடுக்கிறேன்.

உன் வேலையே ‘வேண்டாம்’ என்பதுதானே. அக்டோபர் வந்தால் சாம்பல் நிற சூட் போட்டுக்கொண்டு வீரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் உங்களுக்கு இங்கே இடமில்லை என்கிறாய். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது. இப்போது வாசற்படி ஏறாதவனிடமும் அதையே சொல்கிறாய்.

தெத்சுரோ


டோயாமா, செப்டம்பர் 20

தெத்சு,

ஆமாம், அதுதான் என் வேலை. எப்படிக் கிடைத்தது என்று உனக்குத் தெரியும். பொருளாதாரம் படித்துவிட்டு அமெரிக்க வீரர்களுக்கு மொழிபெயர்க்க வந்தேன். முதல் கூட்டத்தில் ஸ்கவுட்டுகள் என்னிடம் கேட்டது டீ. கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியே போ என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அல்லது துணிவில்லை. அப்புறம் நான் எழுந்திருக்கவே இல்லை. பத்து வருஷம் ஒப்பந்தங்களை எழுதினேன். பத்து வருஷம் மழையிலும் வெயிலிலும் பள்ளிக்கூட மைதானங்களின் ஓரத்தில் நின்றேன். இப்போது அந்த மேசையின் தலைமாட்டில் உட்கார்கிறேன். டீயை அவரவரே போட்டுக்கொள்கிறார்கள்.

அந்தச் சூட்டைப் பற்றி எழுதினாய். நான் கூப்பிடும் பையன்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடத்திலேயே கையை முடித்துக்கொண்டு வந்தவர்கள். எங்களிடம் வந்து மூன்று வருஷமோ நாலு வருஷமோ அந்த மிச்சத்தை வைத்து ஓட்டுவார்கள். ‘வேண்டாம்’ என்று சொல்கிறவள் நான். அவர்களை யாருக்கும் வேண்டாதவர்களாக ஆக்கி அனுப்புகிறவர்கள் உன்னைப் போன்றவர்கள்.

‘முடியும்’ என்று அவன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். உன்னிடம் ‘முடியாது’ என்று சொல்ல அந்த அணியில் யாருக்கு வாய் இருக்கிறது? உன் கோச்சிடம் உனக்கு இருந்ததா? மாகாணப் போட்டி முடிந்து வந்தபோது அம்மா உனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். பதினெட்டு வயது உனக்கு. கதவைச் சாத்தச் சொன்னாய். சரியாகச் சாத்தவில்லை. நான் பார்த்தேன். அன்றைக்குக் காலையிலும் உன் கோச் கேட்டிருப்பார், நீயும் ‘முடியுங்க’ என்றுதான் சொல்லியிருப்பாய்.

படம் எடு, தெத்சு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

சுமியே


ஹிமி, அக்டோபர் 2

அக்கா,

அம்மாவை ஏன் இதற்குள் இழுக்கிறாய்?

படம் எடுக்கவில்லை. அதைவிட நல்லதாக ஒன்று செய்தேன். எல்லாக் கிளப்புகளுக்கும் சொல்லியனுப்பி, நேற்று எல்லோருக்கும் எதிரில் அவனை எறியவைத்தேன். வந்தவர்களுக்கு உட்கார நாற்காலி போதவில்லை, வேதியியல் வகுப்பிலிருந்து கொண்டுவந்தோம். உங்கள் கிளப்பிலிருந்து ஒபாதா வந்தார். நீயும் வந்தாய். சைக்கிள் நிறுத்துமிடத்தில், வேலிக்கு அந்தப் பக்கம், குடை பிடித்துக்கொண்டு நின்றாய். மழையே இல்லை.

“கோச், அங்க ஒரு அம்மா வேவு பாக்கறாங்க” என்றான் பந்தைப் பிடிக்கும் கேட்சர் பையன்.

“அது எங்க அக்காடா.”

“அப்ப உள்ள கூப்புடலாமே?”

“வரமாட்டாங்க. அவங்களுக்குச் சட்டம்தான்டா ஒரே சொந்தம், நாமெல்லாம் பக்கத்து வீடு.”

சிரித்து உருண்டார்கள்.

கேட்சரின் கையுறையில் பந்து வெடித்த சத்தம் வேலிக்கு வெளியே கேட்டிருக்கும். அதுதான் என் பதில்.

தெத்சுரோ


டோயாமா, அக்டோபர் 10

தெத்சு,

கேட்டது. நல்ல சத்தம். எல்லோரும் வேகம் காட்டும் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணைக் குறித்துக்கொண்டதும் கிளம்பிப் போனார்கள். நான் போகவில்லை. எல்லாம் முடிந்தபின் அவன் குழாயடிக்கு வந்தான். இடது கையால் முகம் கழுவினான். மேல் பொத்தானை இடது கையால் அவிழ்த்தான். வலது கை வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது, அது வேறு யாருடையதோ போல. பிறகு நீ கூப்பிட்டாய், “வந்துட்டேங்க கோச்” என்று ஓடினான். ஓடும்போது இரண்டு கையையும் வீசினான். அதையும் பார்த்தேன்.

இனி நேற்றைய பேப்பர். ‘சொந்த ஊர் நாயகனுக்குச் சொந்த ஊரில் கதவடைப்பு.’ கூட்டத்தில் நான் பேசியது அப்படியே வந்திருக்கிறது, ஒபாதாவின் சிரிப்புகூட. எங்கள் தலைவர் இசுருகி மருந்து கம்பெனி நடத்துகிறவர். பேஸ்பால் அவருக்கு விளம்பரம். காலையிலேயே கூப்பிட்டுவிட்டார். அணியின் பயிற்சியாளர் குராஹஷியும் இருந்தார். தலைவர் நம் குடும்பப் பெயரைச் சொல்லி மரியாதையாகத்தான் தொடங்கினார்.

“ஹயாசே-சான், ரசிகர் மன்றத்துக்காரங்க ஆபீஸ் வாசல்ல பதாகை கட்டிட்டாங்க. உங்க பேரு போட்டு. என்ன செய்யலாம்?”

“ஏணி குடுத்தா அவுத்துடலாம்.”

“தமாஷ் பண்ற நேரமா இது? சுபோதாதான் முதல் பேரு. முடிவு ஆயாச்சு.”

“அப்ப ஒரு வருஷம் ஓய்வு குடுங்க.”

குராஹஷி சிரித்தார். “பெஞ்சுல ஒக்காந்திருக்கறவனைப் பாக்கவா டிக்கெட் வாங்கிட்டு வருவாங்க? மார்ச்சுல எறிவான். பதினெட்டு வயசுக் கை, தூங்கி எழுந்தா சரியாயிடும்.”

“மார்ச்சுல எறிஞ்சா மூணாவது வருஷம் நான்தான் சூட் போட்டுக்கிட்டு அவனைக் கூப்புடணும். நான் கூப்புட மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் போய்ச் சொல்லுங்க.”

குராஹஷி தலைவரைப் பார்த்தார். பிறகு தலைவர் மிகவும் மென்மையாகச் சொன்னார்: “வேற கிளப்பும் அவன் பேரைச் சொல்லும், குலுக்கல்தான் வரும். மேடைக்கு நீங்களே போய்ச் சீட்டு எடுங்க. வேணாம்னு சொன்ன அம்மாவே வந்து எடுத்தாங்கன்னா ஜனங்க சந்தோஷப்படுவாங்க. அதுக்கப்புறமும் ஓய்வு, கீய்வுன்னு பேசினீங்கன்னா, உங்களுக்கே நல்ல நீளமான ஓய்வு குடுத்துடலாம்.”

கூட்டத்தில் பேசியதை வெளியே உனக்கு மட்டும்தான் எழுதினேன். பேப்பருக்குச் சொன்னது நீயா? காட்டக்கூடியதை மட்டும் எழுதுகிறேன் என்று சொன்னேன். நீ காட்டிவிட்டாயா?

சுமியே


ஹிமி, அக்டோபர் 15

அக்கா,

நான்தான். கடிதத்தைக் காட்டவில்லை, வாயால் சொன்னேன். வெட்கமில்லை. பையன் ஏதோ ஊருக்குப் போய், யாரோ அவனுக்குச் சோறு போட்டு, அவன் அப்பா படகிலிருந்து வானொலியில் கேட்கவேண்டுமா? இங்கே ஆடினால் அவன் அம்மா சாயங்கால ரயில் பிடித்துப் போய்ப் பார்ப்பாள். அதற்கு உன் தலைவரின் கழுத்தைப் பிடிக்கவேண்டியிருந்தது. பிடித்தேன்.

இடது கையால் முகம் கழுவினால் கை போயிற்று என்று அர்த்தமா? மழையில்லாத நாளில் நீ குடை பிடித்தாய். உன்னை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது?

குலுக்கலில் உனக்கே விழுந்தால் மறுநாள் வழக்கப்படி நீங்கள் பள்ளிக்கு வந்து பையனுக்கு வாழ்த்துச் சொல்லவேண்டும். வா. தலைமையாசிரியர் வரவேற்பறையைப் பெருக்கி வைப்பார். நான் உள்ளே வரமாட்டேன். புது அணிக்குப் பயிற்சி இருக்கிறது, மைதானத்தில் இருப்பேன்.

ஒன்று. நேற்று அவனைப் பந்து எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். “சரிங்க கோச்” என்றான். எப்போதும் ஓடுவான். நேற்று நடந்து போனான். கொஞ்ச நேரம் பந்துக் கூடையின் எதிரில் நின்றான். பிறகு எடுத்தான், எறிந்தான், நன்றாகவே எறிந்தான். ஏன் இதை எழுதினேன் என்று தெரியவில்லை. அடித்துவிட்டு வேறு தாளில் எழுதச் சோம்பலாக இருக்கிறது.

தெத்சுரோ


டோக்கியோ, அக்டோபர் 23, மாலை

தெத்சு,

தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். ஆனாலும் எழுதுகிறேன், அங்கே என் முகம் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

மூன்று கிளப்புகள் அவன் பெயரைச் சொல்லின. மேடையில் எனக்கு முன்னால் இரண்டு ஆண்கள். ஒருவர் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாராம். இன்னொருவர் பெட்டிக்குள் கையை விடுமுன் உள்ளங்கையில் ஊதிக்கொண்டார். எங்கள் முறை கடைசி. பெட்டியில் ஒரே ஒரு உறைதான் கிடந்தது, தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. விழக்கூடாது, விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டே எடுத்தேன். மூவரும் ஒன்றாகப் பிரித்தோம். என் தாளில் முத்திரை இருந்தது.

ஜெயித்தவர்கள் கையை உயர்த்துவார்கள். நான் தாளை மடித்தேன்.

“கையை உயர்த்துங்க, ஹயாசே-சான்!” என்றார் தொகுப்பாளர்.

“எதுக்கு?”

ஒலிபெருக்கி அதையும் பிடித்துக்கொண்டது. மண்டபம் சிரித்தது. எங்கள் மேசையில் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

நாளை நான் குராஹஷியோடு உன் பள்ளிக்கு வருகிறேன். காமிராக்கள் எல்லாம் இருக்கும். அத்தனை பேரின் எதிரிலும் சொல்லப்போகிறேன், அவன் அடுத்த வருஷம் எந்த ஆட்டத்திலும் எறியமாட்டான் என்று. கிளப்பின் பெயரால் சொல்லிவிட்டால் தலைவரால் திரும்ப விழுங்க முடியாது. பேப்பர்காரர்களை வைத்து ஒருவருடைய கழுத்தைப் பிடிப்பது எப்படி என்று உன்னிடமிருந்துதான் கற்றேன். வேலை போகலாம். போகட்டும். டீ வைத்த அன்றே அனுப்பியிருக்கலாம், இவ்வளவு நாள் தாமதமாகிவிட்டது.

காலையில் ரயிலில், ஒருவேளை எனக்கே விழுந்துவிட்டால் என்று யோசித்து நல்ல பேச்சு ஒன்றைத் தயாரித்தேன். பள்ளிகள், கோச்சுகள், கோடை வெயில், ஆன்மாவின் பந்து, எல்லாம் அதில் வருகின்றன. நீயும் வருகிறாய், பெயரில்லாமல்.

இதை இப்போது தபாலில் போடவில்லை. நாளை நடப்பதையும் எழுதிச் சேர்த்து அனுப்புகிறேன். நீதான் உள்ளே வரமாட்டாயே.


அக்டோபர் 24

நடந்தது இது.

தலைமையாசிரியர் வாழ்த்தினார். குராஹஷி குலுக்கல் சீட்டில் தன் கையெழுத்தைப் போட்டு சுபோதாவிடம் கொடுத்தார். அவன் எழுந்து வாங்கிக்கொண்டான். ஒரு நிருபர் கேட்டார், “வசந்த காலத்துல மைதானத்துல பாக்கலாமா?” குராஹஷி, “முதல் வாரமே” என்றார்.

“இல்லை” என்றேன். “அடுத்த வருஷம் எந்த ஆட்டத்திலயும் எறிய மாட்டார். முழங்கைக்கு வைத்தியம். கிளப்போட முடிவு.”

“ஹயாசே-சான் தமாஷ் பேசுவாங்க” என்றார் குராஹஷி.

“பேசுவேன். இது தமாஷ் இல்லை.”

“டாக்டர் சொன்னாரா?”

“எந்த டாக்டரும் இன்னும் பாக்கலை. அதுதான் பிரச்சினையே.”

நிருபர் பையன் பக்கம் திரும்பினார். “சுபோதா-குன், நீங்க என்ன சொல்றீங்க?”

அவன் ஜன்னலைப் பார்த்தான். “கோச் கிட்ட கேட்டுட்டு வந்துடறேங்க” என்று எழுந்து போய்விட்டான். என் பேச்சின் மிச்சம் வாயிலேயே நின்றது. அறையிலிருந்த எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம், தலைமையாசிரியர்கூட. அவன் மைதானத்தின் ஓரமாக உன்னிடம் ஓடிவந்து தொப்பியைக் கழற்றி நின்றதையும், நீ மட்டையால் பிட்சரின் மேட்டைக் காட்டியதையும், அவன் அசையாமல் நின்றதையும், அப்புறம் வெகுநேரம் குனிந்து வணங்கியதையும் பார்த்தோம். எதுவும் கேட்கவில்லை. அவன் திரும்பி நடந்தான்.

“என்னப்பா சொன்னாரு?” என்றார் குராஹஷி.

“இப்பவே எறிஞ்சு காட்டுன்னாரு. எல்லாரும் பாக்கட்டும்னாரு.”

“சபாஷ். கையுறை எங்க?”

“முடியாதுன்னு சொல்லிட்டேங்க.”

“கோச் கிட்டயா?”

“ஆமாங்க.” அவன் முகம் வெளுத்திருந்தது. “வலிக்குது. ஜூலைலேர்ந்து வலிக்குது.”

யாரும் எதையும் எழுதவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதினார்கள்.

அவனையும், விழாவுக்கு வந்திருந்த அவன் அம்மாவையும் வண்டியில் ஏற்றி நேரே டோயாமாவில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் தலைவர் போனில் அழைத்துக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை. படத்தை விளக்குக்கு எதிரில் வைத்துப் பார்த்த மருத்துவர், தசைநார் கிழிந்திருக்கிறது என்றார். முழுக்க இல்லை. ஒரு வருஷம் பந்தைத் தொடாமல் இருந்தால் சரியாகிவிடும், இந்தக் குளிர்காலமும் எறிந்திருந்தால் ஆகியிருக்காது என்றார். அவன் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“இந்தக் கையோட இவ்வளவு நாள் எறியச் சொன்னது யாரு?” என்று மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சுபோதா சொன்னான்:

“யாரும் சொல்லலைங்க. நான்தான் எறிஞ்சேன்.”

நான் திருத்தவில்லை.

சுமியே